அம்பாசடரின் ஆறு ஸ்டடுகள்

குன்னூர் மலைப்பாதையில், கல்லாறு வரை ஒன்றும் தெரியவில்லை. மலை ஏற ஆரம்பித்து, இரண்டாவது கியரில் வண்டி மூச்சு வாங்கும்போதுதான் பானெட்டுக்குள்ளிருந்து அம்மி கொத்துவது போல ஒரு சத்தம். பர்லியாரில் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். ஐடிலிங்கில் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "டேப்பட் அடிக்குதுங்க, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றார்.

டேப்பட் என்றால் எஞ்சினின் வால்வைத் திறக்கும் பாகம். அதற்கு விட்டிருக்கும் கேப், அதாவது இடைவெளி, கூடினால் இப்படித் தட்டும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வண்டி 1984 மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். இதே எஞ்சின் இங்கிலாந்தில் பி.எம்.சி. 'பி சீரிஸ்' என்ற பெயரில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஓடியது, எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. அம்பாசடருக்குள் 1959-ல் வந்தது. இந்த எஞ்சினில் டேப்பட் சத்தம் துளிகூட இல்லையென்றால் கேப் குறைவாக வைத்துவிட்டார்கள் என்று பொருள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே வருடத்தில் மூன்று தடவை 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து டேப்பட் செட் செய்தாகிவிட்டது. சத்தம் அப்படியே இருந்தது.

டேப்பட் சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும், அவ்வளவுதான். மேடு, பள்ளம் என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. புகை கசியும் சத்தமோ எஞ்சினுக்கு பாரம் ஏறும்போதுதான் உரக்க வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் படபடவென்று கேட்டு, பத்து நிமிடத்தில் இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும். என் வண்டியில் இரண்டுமே நடந்துகொண்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஒரு முழ ரப்பர் குழாயை ஒரு நுனி காதிலும் மறு நுனி மேனிஃபோல்டு (எஞ்சினோடு ஒட்டியிருக்கும் குழாய்க் கொத்து) ஓரத்திலுமாக நகர்த்திப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் காதில் அறைவிட்டது போல இருந்தது. எஞ்சின் ஆறிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்தால் அதே இடத்தில் நுரை. சந்தேகமே இல்லை, புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிகிறது. சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது. எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டில் எத்தனை பழைய ஓட்டைகள் இருக்கின்றன என்பது அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் மேனிஃபோல்டு பக்கம் ஐந்து வாசல்கள் வரிசையாக இருக்கும்: எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட். நடு எக்ஸாஸ்ட் வாசலில் 2, 3 இரண்டு சிலிண்டர்களின் புகையும் சேர்ந்து வருவதால் சூடு அங்கேதான் அதிகம். இன்லெட்டுக்கும் (பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டுக்கும் தனித்தனி ஸ்டட், அதாவது இரண்டு முனையிலும் மரை உள்ள தலையில்லாத கம்பி, கிடையாது. மொத்தம் ஆறே ஸ்டடுகள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் நான்கு. அந்த நான்கும் இரண்டு மேனிஃபோல்டுகளுக்கு இடையில் நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெரிய கனமான வாஷர் பாலம் மாதிரி உட்கார்ந்து, ஒரு பாதியால் இன்லெட்டையும் மறு பாதியால் எக்ஸாஸ்டையும் அழுத்தும். இந்த வாஷர்தான் கடைசியில் குற்றவாளியாக நின்றது. ஆனால் அது தெரிய எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் டியூபை அடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு இடத்தில் நான்கு விதமான சாமான். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4 இரண்டும் பழைய ஒரிஜினல் ஸ்டடுகள், துருவேறி இருந்தாலும் நேராக நின்றன. 2, 5 யாரோ போட்ட மெட்ரிக் (மில்லிமீட்டர் அளவு) ஸ்டடுகள். 3-ல் நட் இருப்பது போலத் தெரிந்தது. விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது! ஒரு போல்ட்டின் தலையை மட்டும் வெட்டி ஏதோ பசையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பசை கருகிப் பொடியாகிவிட்டது. உள்ளே ஸ்டட் ஒடிந்து கிடந்தது. எந்தப் பட்டறையில் நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இப்போது என்ன பயன். 6-ல் 12.9 (போல்ட்டின் உறுதியைச் சொல்லும் எண்) என்று பொறித்த கறுப்பு ஆலன் போல்ட். அதை மாட்டிய புண்ணியவான் நான்தான். முந்தைய வருடம் அந்த ஓரத்து நட் கழன்று விழுந்தபோது, ஹார்டுவேர் கடையில் "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானது குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பெருமையாக மாட்டியது.

கழற்றிய கதையைச் சொன்னால்தான் எதை மாட்டுவது, ஸ்டடா போல்டா, எந்த உலோகம் என்பது புரியும். நான்கு நாட்கள், காலையும் மாலையும், துருநீக்கி ஆயிலை எல்லாவற்றின் வேரிலும் விட்டேன். 1, 4 இரண்டும் நல்ல பிள்ளைகள். நட் கழன்றதும் ஒரே ஸ்டடில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று முட்டவிட்டு இறுக்கி, கீழ் நட்டைத் திருப்பினால் ஸ்டட் முழுசாக வந்துவிட்டது. 6-ல் ஆலன் சாவி போட்டதும் அறுகோணக் குழி வழுக்கி வட்டமாகிவிட்டது. தலையை டிரில் செய்து எடுத்தோம். தலை போனால் இழுவிசை போய்விடும், அதனால் மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகு மிச்சமிருந்த தண்டு சூடு காட்டி வைஸ் கிரிப்பில் பிடித்ததும் அசைந்தது.

2-ஆம் எண்தான் வேடிக்கை. மூன்றரை சுற்றில் வெளியே வந்துவிட்டது. அதாவது வண்டியின் அத்தனை சூட்டையும் ஆட்டத்தையும் அது மூன்றரை மரையில் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. காரணம் கணக்கில் இருக்கிறது. என் ஹெட்டில் இருந்த துளை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. 5/16 என்பது 7.94 மி.மீ. எம்8 என்ற மெட்ரிக் ஸ்டட் 8 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. அங்குலக் கணக்கில் சொன்னால் 20 மரைக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆரம்பத்தில் கையாலேயே உள்ளே போகும், மூன்றாவது சுற்றில் டைட் ஆகும். டைட் ஆனதும் 'பிடித்துவிட்டது' என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பிடிக்கவில்லை, சிக்கிக்கொண்டது. ஸ்பேனரிலும் இதே குழப்பம் உண்டு. 5/16 நட்டுக்கு 1/2 அங்குல ஸ்பேனர், அதாவது 12.7 மி.மீ. எல்லோர் டூல் பாக்ஸிலும் 13 இருப்பதால் அதையே போடுவார்கள். துருப்பிடித்த நட்டின் முனை மழுங்க அந்த 0.3 மி.மீ. போதும்.

3-ஐ எடுக்க வெல்டரைக் கூப்பிட்டேன். பேட்டரி வயரைக் கழற்றி, பக்கத்தில் ஈரச் சாக்கு போட்டுக்கொண்டு, ஒடிந்த ஸ்டடின் மேல் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட் வைத்து உள்ளுக்குள் வெல்டிங் நிரப்பினார். முதல் நட் அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவது நட் செக்கச்சிவப்பிலிருந்து கறுப்புக்கு வந்த பிறகு, மெழுகுவர்த்தியை வேரில் உருக்கிவிட்டு, முன்னும் பின்னுமாக அரைக்கால் சுற்று ஆட்டியபோது 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்காக எத்தனை ரூபாய் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வெல்டிங் சூடுதான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. ஸ்டட் சூட்டில் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள இரும்பு விடாது. ஆறும்போது சுருங்கித் துருப்பிடியை உடைத்துக்கொள்ளும். ஈஸி அவுட் என்று விற்கும் கூம்பு ஆணியை மட்டும் இந்த இடத்தில் தொடாதீர்கள். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது.

அதன் பிறகு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பெரும்பாலும் பம்ப் சாமான் ஓடும் பட்டறை, பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். மேனிஃபோல்டுகள், வாஷர்கள், கழற்றிய ஸ்டடுகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, "ஐயா, இதைவிட ஸ்ட்ராங்கா ஆறு வேணும்" என்றேன். அவர் ஸ்டடுகளைப் பார்க்கவே இல்லை. ஒரு வாஷரை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அது தட்டு மாதிரி ஆடியது. "எத்தனை ஸ்ட்ராங்கு போட்டாலும் இது ஒடிக்கும் தம்பி" என்றார்.

இரண்டு மேனிஃபோல்டுகளின் ஃப்ளாஞ்ச் (ஹெட்டோடு ஒட்டும் தட்டை விளிம்பு) கனத்தையும் அவர் அளந்தபோது எக்ஸாஸ்ட் ஃப்ளாஞ்ச் இன்லெட்டைவிட 20 தௌ மெலிதாக இருந்தது. யாரோ முன்பு கசிகிறது என்று எக்ஸாஸ்டை மட்டும் மெஷினில் முகம் வெட்டியிருக்கிறார்கள். மேனிஃபோல்டு தட்டையாகிவிட்டது, ஆனால் பாலம் சாய்ந்துவிட்டது. வாஷர் முதலில் இன்லெட்டில் உட்காருகிறது, எக்ஸாஸ்டை எட்டவில்லை. எட்ட வேண்டும் என்று நட்டை இன்னும் இறுக்குகிறார்கள். சாய்ந்த வாஷரின் மேல் நட் இறங்கும்போது ஸ்டட் நேராக இழுபடாமல் வளைகிறது. சூடும் குளிருமாக ஆயிரம் தடவை வளைந்து ஒருநாள் ஒடிகிறது. நாங்கள் எல்லோரும், நான் உட்பட, ஒடிந்த ஸ்டடைப் பார்த்து 'சாமான் மட்டம்' என்று முடிவு கட்டி, அடுத்த தடவை இன்னும் உறுதியானதைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஸ்டடா போல்டா என்ற கேள்விக்கு வருகிறேன். போல்ட்டை ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் கழற்றும்போதும் தேய்வது ஹெட்டில் இருக்கும் மரை. ஸ்டட் ஒரு தடவை உள்ளே போனால் அங்கேயே இருக்கும், தேய்வதெல்லாம் நட். நட் பத்து இருபது ரூபாய், ஹெட்? அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இன்னொரு வசதி, நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டை ஸ்டடில் மாட்டி, கனமான மேனிஃபோல்டைத் தொங்கவிட்டு, நிதானமாக நட் போடலாம். ஒற்றை ஆளாக வேலை செய்பவர்களுக்கு இதுவே போதுமான காரணம். போல்ட் போட வேண்டிய இடம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஸ்டட் நீட்டிக்கொண்டிருந்தால் மேனிஃபோல்டை வெளியே இழுக்க இடமில்லாத வண்டி. அப்போது தலையில் டி.வி.எஸ். என்று பொறித்த 8.8 போல்ட் தாராளமாகப் போதும்.

உலோகத்தில்தான் நான் அதிகம் ஏமாந்திருந்தேன். 12.9 என்ற எண்ணின் உறுதி, இரும்பைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் பார்த்ததில் வந்தது. திரும்பவும் நானூறு டிகிரி பக்கம் சூடு காட்டினால் அந்தப் பதம் இறங்கத் தொடங்கும். அதுவும் போக, இந்த இடத்துக்கு அத்தனை உறுதி தேவையும் இல்லை. எவர்சில்வர் போட்டால் துருவே பிடிக்காதே என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு, கடையில் கிடந்த இரண்டு எஸ்.எஸ். நட்டையும் போல்ட்டையும் காட்டினார். ஒன்றோடொன்று வெல்டிங் வைத்த மாதிரி கடித்துக்கொண்டு கிடந்தன. எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். சூட்டில் அப்படித்தான் கடிக்கும். விரிவும் அதிகம். நான் வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு: 40 மி.மீ. ஸ்டடுக்கு 250 டிகிரி சூடு ஏறினால், 304 வகை எவர்சில்வர் வார்ப்பிரும்பைவிட சுமார் 0.06 மி.மீ. கூடுதலாக நீளும். நட்டை இறுக்கும்போது அந்த ஸ்டட் இழுபடுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஃப்ளாஞ்ச் ஸ்டடைவிடச் சூடாக இருப்பதால் கொஞ்சம் ஈடுகட்டும், எஸ்.எஸ். போட்டு நன்றாக ஓடும் வண்டிகளும் உண்டு. எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடையில் பளபளவென்று கிடைக்கும் ஜிங்க் பூச்சு போல்ட்டும் வேண்டாம், துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும்.

நாங்கள் எடுத்தது ஈ.என்.19 ராடு. குரோம், மாலிப்டினம் கலந்த எஃகு. பாய்லர் ஃப்ளாஞ்ச்களில் போடும் பி7 ஸ்டடும் ஏறக்குறைய இதே சரக்குதான், அதனால் வால்வு சாமான் விற்கும் கடைகளில் பி7 ஸ்டட் ராடாகவே கிடைக்கும். அங்குல மரை வேண்டும் என்று கேட்டு, மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அங்குல மரையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய கடைகளில் 5/16 விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரையைக் கொடுப்பார்கள். அதற்கும் 18 மரைதான், ஆனால் மரையின் கோணம் 55 டிகிரி. இந்த ஹெட்டில் இருக்கும் யு.என்.சி. வகை அங்குல மரைக்கு 60 டிகிரி. உள்ளே போய்விடும், சரியாக உட்காராது.

ஹெட்டுக்குள் போகும் முனைக்கு 18 மரை, நட் பக்கம் 24 மரை என்று கடைந்தார். வார்ப்பிரும்பு நொறுங்கும் சுபாவம் உள்ளது, அதற்குத் தடித்த மரைதான் தாங்கும். நட் பக்கம் நுண்ணிய மரை இருந்தால் இறுக்கம் நிதானமாக ஏறும். உள்ளே போகும் நீளம் 12 மி.மீ., அதாவது ஸ்டடின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. நட் பித்தளை, கடையில் கிடைப்பதைவிட உயரமாக, 1/2 அங்குல அறுகோணக் கம்பியிலிருந்து வெட்டியது. பித்தளை எஃகோடு துருப்பிடித்து ஒட்டாது. மிஞ்சிப்போனால் நட்டின் மரை போகும், ஸ்டட் ஒடியாது. ஒடிய வேண்டியது எது என்பதை நாம் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

5, 6 இரண்டு துளைகளிலும் யாரோ எம்8 டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைக் கெடுத்திருந்தார்கள். ஹெலிகாயில் (துளைக்குள் செருகும் கம்பிச்சுருள் மரை) போடலாமா என்று கேட்டதற்கு, "போடலாம், ஸ்டெப் ஸ்டட் போட்டா கேள்வியே இல்லை" என்றார். ஹெட் பக்கம் 3/8 அங்குலம், நட் பக்கம் 5/16. 3/8 யு.என்.சி. மரைக்கு டேப் போடுமுன் வேண்டிய துளையே 5/16 அங்குலம்தான். கெட்டுப்போன துளை கிட்டத்தட்ட அந்த அளவில் இருந்ததால் அதிகம் டிரில் செய்ய வேண்டியிருக்கவில்லை. டிரில் சாயாமல் இருக்க, கேஸ்கட்டை அச்சாக வைத்து 12 மி.மீ. பட்டையில் துளைகள் போட்டு, அதை 1, 4 ஸ்டடுகளில் மாட்டி இறுக்கி, அதன் வழியாக டிரில் விட்டோம். கையால் நேராகப் பிடித்துவிடுவேன் என்று சொல்பவர்களை நான் இப்போது நம்புவதில்லை. நல்ல துளைகளுக்கு டேப் விடவும் இல்லை. டேப் இருக்கிற இரும்பையும் சுரண்டிவிடும். பழைய ஸ்டட் ஒன்றில் நீளவாக்கில் ஒரு வெட்டு போட்டு, அதை உள்ளே விட்டு எடுத்தால் துருவும் கரியும் மட்டும் வெளியே வரும்.

வாஷருக்கு 6 மி.மீ. பட்டை. இன்லெட் மேல் உட்காரும் பாதியில் 20 தௌ குறைத்து, எந்தப் பக்கம் எது என்று தெரிய வெளிமுகத்தில் உளிக்குறி போட்டுக் கொடுத்தார். இன்லெட்டையும் வெட்டிச் சமப்படுத்தலாம்தான். ஆனால் வாஷர் கெட்டால் வேறு செய்யலாம், வெட்டிய மேனிஃபோல்டு வளராது.

மாட்டும்போது ஸ்டடுகளை விரலால்தான் திருகினேன், அடியில் தொட்டதும் கால் சுற்று பின்னுக்கு. இங்கே ஸ்பேனர் போட்டு இறுக்குவது பழக்கதோஷம். மரைக்கு லாக் திரவம் தேவையில்லை, சாதாரண வகைகள் 150 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிக்காது. காப்பர் கிரீஸ் கொஞ்சம் போதும். அதைத் தடவினால் அதே டார்க்கில் (திருகும் விசையில்) இழுவிசை கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்கி, 15 பவுண்டு-அடியில், அதாவது சுமார் 20 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன். கை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லும். இழுக்கவில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மறுபடி ஒரு சுற்று. ஆறில் நான்கு கொஞ்சம் நகர்ந்தன, புது கேஸ்கட் அமர்ந்ததால் அது எதிர்பார்த்ததே. 500 கிலோமீட்டர் கழித்துப் பார்த்தபோது 3-ஆம் எண் மட்டும் ஒரு மயிரிழை. அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு வேலைக்காக மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டி வந்தது. ஆறு நட்டும் 1/2 அங்குல ரிங் ஸ்பேனரில், முனகல்கூட இல்லாமல் வந்தன. கேஸ்கட்டில் எங்கும் கரிக்கோடு இல்லை. பெரியவரிடம் போய்ச் சொன்னபோது, "வாஷரைத் திருப்பி மாட்டிடாதீங்க" என்பதோடு அவர் வேலை முடிந்தது.

மேனிஃபோல்டுக்கும் சைலன்சர் பைப்புக்கும் இடையே உள்ள ஃப்ளாஞ்சில் ஸ்டடுகள் இன்னும் பழையவையே. அங்கே தண்ணீர் சுற்றும் ஹெட்டும் பக்கத்தில் இல்லை, சூடு முழுக்க அதற்குத்தான். ஒன்றில் நட் எது, துரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஈ.என்.19 ராடில் மிச்சமிருந்த துண்டு டிக்கியில் இருக்கிறது. மூன்று வாரமாகக் காலையில் வண்டி எடுக்கும் முன் துருநீக்கி ஆயில் விட்டுக்கொண்டிருக்கிறேன்.